அம்மை போட்ட பெரணி

ரங்கதுரை பொய் சொல்ல மாட்டார். அதற்கு அவருக்கு நேரம் கிடைத்ததில்லை. புளுகுவதற்கே பொழுது சரியாக இருந்தது.

ஊசிக்கொம்பையில் இது எல்லாருக்கும் தெரியும். மலையேறும் பாதையில் இருந்த வனத்துறை செக்போஸ்ட்டில் முப்பத்திரண்டு வருடம் கேட்டை ஏற்றி இறக்கி ஓய்வு பெற்றவர் அவர். நாற்காலியை விட்டுக் காட்டுக்குள் நூறு அடி போனவரில்லை என்று கூட வேலை பார்த்தவர்கள் சொல்வார்கள். ஆனால் காட்டைப் பற்றி அவர் சொன்ன அளவுக்குக் காட்டுக்கே தன்னைப் பற்றித் தெரிந்திருக்காது.

இதெல்லாம் கனகமணிக்கும் தெரியும். பேருந்து நிலையப் படிக்கட்டுக்குக் கீழே ரவிக்கை தைக்கும் கடை வைத்திருக்கும் அவள், ஊரில் எவர் என்ன புளுகினாலும் வாயில் ஊசியைக் கடித்துக்கொண்டு கேட்டு முடித்துவிடுவாள். ஆனால் போன வருடம் ரங்கதுரை புளுகிய ஒரு புளுகை மட்டும் அவளால் விழுங்க முடியவில்லை.

ஊரில் வருடா வருடம் மலர்க் கண்காட்சி நடக்கும். அதில் பெரணிச் செடிக்குத் தனிக் கூடாரம் உண்டு. பூக்காத செடிக்கு மலர்க் கண்காட்சியில் என்ன வேலை என்று வெளியூர்க்காரர்கள் கேட்பார்கள். பெரணிக்குப் பூ கிடையாது, காய் கிடையாது, விதை கிடையாது. இலைதான் எல்லாம். குருத்து விடும்போது பாக்கு அளவுக்குச் சுருண்டு வரும். விரிந்தால் இரண்டு முழ நீளம். தண்டின் அடியில் கரடிமயிர் மாதிரி பழுப்புச் செதில். தோல் போலத் தடித்த இலையுள்ள பெரணி ஒன்று இந்த மலையில் உண்டு. வெயில் காய்ந்தாலும் உறைபனி கொட்டினாலும் அதன் பச்சை மாறாது. அந்தச் செடிக்குத்தான் தோட்ட ஆர்வலர் மன்றம் சுழற்கோப்பை வைத்திருந்தது. தொடர்ந்து மூன்று வருடம் வாங்கினால் கோப்பை வீட்டோடு போய்விடும். ரங்கதுரை இரண்டு வருடம் வாங்கிவிட்டார். வீட்டில் அதற்கென்று கண்ணாடிக் கதவு போட்ட அலமாரியும் அடித்தாயிற்று.

போன வருடம் கனகமணியின் செடிதான் வாங்கியிருக்க வேண்டும். பிடி உடைந்த குக்கரில் வளர்ந்த செடி என்றாலும் ஆள் இடுப்பளவு நின்றது. நடுவர் வர அரைமணி இருக்கும்போது ரங்கதுரை அதன் இலை ஒன்றைப் புரட்டிப் பார்த்தார். இரண்டடி பின்னால் குதித்தார். கும்பிட்டார்.

"ஆத்தா! தாயே! ஏம்மா கனகமணி, அம்மை போட்ட செடியைப் பத்துப் பேர் புழங்குற இடத்துக்குத் தூக்கிட்டு வரலாமா?"

இலையின் அடியில் நடு நரம்புக்கு இரண்டு பக்கமும் மிளகு மிளகாகப் பழுப்புப் புள்ளிகள். உண்மையில் பார்க்க அப்படித்தான் இருந்தது. மன்றச் செயலாளர் ஸ்டீபன் எலெக்ட்ரிகல் கடைக்காரர். கரண்ட் கம்பியை வெறுங்கையால் பிடிக்கிற மனிதர். ஆத்தா என்ற சொல்லுக்கு மட்டும் பயம். உடனே குக்கருக்கு வேப்பிலை கட்டி, செடியைக் கூடாரத்துக்கு வெளியே வைத்துவிட்டார். அம்மை கண்ட இடத்தில் தாளிக்கக் கூடாது என்று பக்கத்தில் பஜ்ஜிக் கடை போட்டிருந்த சுப்புராமின் எண்ணெய்ச் சட்டியையும் இறக்கச் சொல்லிவிட்டார்கள். மதியத்துக்குள் யாரோ ஒரு அம்மாள் செடிக்கு முன்னால் இளநீர் வெட்டி வைத்துவிட்டுப் போனாள். நடுவராக வந்தவர் ஓய்வுபெற்ற நீச்சல் பயிற்சியாளர். வேப்பிலையைப் பார்த்ததும் அந்தப் பக்கமே போகவில்லை. பளபளப்பைப் பார்த்து ரங்கதுரைக்குக் கொடுத்துவிட்டார்.

கனகமணி செடியை வீட்டுக்குக் கொண்டுபோய், துவைக்கிற கல்லுக்குப் பக்கத்துச் சுவரோரம் வைத்தாள். அவளுக்கும் உள்ளூர பயம்தான். பிள்ளைக்கு ஊற்றுவதுபோல மஞ்சளும் வேப்பிலையும் போட்டு மூன்று தண்ணீர் ஊற்றினாள். புள்ளிகள் காய்ந்து வெடித்து டீத்தூள் மாதிரி பொடியாக உதிர்ந்தன. இறங்கிவிட்டது என்று நினைத்தாள்.

மழை முடிந்து ஒரு நாள் துணி துவைக்கும்போது அந்த ஈரச் சுவரைப் பார்த்தாள். சட்டைப் பித்தான் அளவில், வெற்றிலை வடிவத்தில், பச்சைப் பச்சையாக ஏதோ அப்பியிருந்தது. இரண்டு மாதத்தில் ஒவ்வொரு வெற்றிலையின் நடுவிலிருந்தும் ஒரு குருத்து எழுந்தது. சுருண்ட குருத்து. நாற்பதுவரை எண்ணிவிட்டு எண்ணுவதை நிறுத்தினாள். அம்மை போட்டால் தழும்பு விழும். குட்டி விழுந்து அவள் பார்த்ததில்லை.

இதை அவள் யாரிடமும் சொல்லவில்லை. சொன்னால் யார் நம்புவார்கள்? ஊர் நம்புவது ரங்கதுரையை.

இந்த வருடமும் அதே குக்கரோடு வந்தாள். காலையில் கிளம்பும் முன் ஈரத் துணியைக் கையில் எடுத்தது உண்மை. ஒரே துடைப்பில் புள்ளிகள் போய்விடும், வம்பும் போய்விடும். ஒரு இலையில் பாதி துடைத்தவள் சுவரைத் திரும்பிப் பார்த்தாள். துணியைக் கீழே போட்டுவிட்டு வந்துவிட்டாள்.

ரங்கதுரை இந்த முறை வேப்பிலைக் கொத்தைத் தன் துணிப்பையிலேயே கொண்டு வந்திருந்தார்.

"ஆத்தா அந்தச் செடியை விட்டு இறங்கவே மாட்டேங்குறா பாத்தீங்களா" என்று அவரே கட்டினார்.

"ஸ்டீபன் சார், இந்த வருசம் ஆத்தாவே நேர்ல வந்து சொன்னாலும் நான் சட்டியை இறக்கப் போறதில்ல" என்று சுப்புராம் அடுப்பைப் பற்ற வைத்தான்.

"இருப்பா. இந்தத் தடவை நடுவர் செடி படிச்சவங்க. காலேஜ் பேராசிரியை, கீழேயிருந்து வர்றாங்க. அவங்க பாத்துச் சொல்லட்டும். அதுவரைக்கும் மூலையில இருக்கட்டும்" என்றார் ஸ்டீபன். செடி மூலைக்குப் போனது. கனகமணி அதன் பக்கத்தில் ஒரு பிளாஸ்டிக் நாற்காலியைப் போட்டு உட்கார்ந்துகொண்டாள்.

பத்து மணிக்கு வர வேண்டிய பேராசிரியை வரவில்லை. ஒன்பதாம் வளைவில் சவுக்கு மரம் சாய்ந்து பாதை மறித்துவிட்டதாகப் போன் வந்தது. வெளியே தூறல். கண்காட்சிக்கு வந்த கூட்டமெல்லாம் பெரணிக் கூடாரத்துக்குள் ஒதுங்கியது. கையில் பஜ்ஜி, போக வழியில்லாத முப்பது பேர். ரங்கதுரைக்கு வேறென்ன வேண்டும்?

அவர் செடி நடு மேசையில் பித்தளை அண்டாவில் நின்றது. இலைக்கு இலை கண்ணாடி மாதிரி மின்னியது.

"இதுக்கு நான் தண்ணி ஊத்தி அஞ்சு வருசம் ஆச்சு" என்று சாதாரணமாக ஆரம்பித்தார். "மெட்ராஸ்ல மக வீட்டுக்குப் போய் மூணு மாசம் இருந்தேன். வீடு பூட்டிக் கிடந்துச்சு. வந்து பாத்தா போனப்ப இருந்ததைவிட ஒரு முழம் கூட வளந்திருக்கு."

"தண்ணி இல்லாமயா?" என்றார் கூட்டத்தில் ஒருவர்.

"மூடுபனியைக் குடிக்கும் சாமி இது."

"பூட்டின வீட்டுக்குள்ள மூடுபனி எப்படிண்ணே வரும்?" என்று கரண்டியோடு எட்டிப் பார்த்தான் சுப்புராம்.

"சாவி ஓட்டை எதுக்கு இருக்கு? ஒரு இலையை நீட்டி ஓட்டையில வாயை வச்சு உறிஞ்சியிருக்கு. நான் சாவியைப் போடுறேன், போக மாட்டேங்குது. குனிஞ்சு பாத்தா உள்ளேயிருந்து பச்சையா எட்டிப் பாக்குது. 'நான்தாம்ப்பா' அப்படின்னேன். அப்புறந்தான் இலையை எடுத்துச்சு."

முப்பது பேரும் சிரித்தார்கள். கனகமணி சிரிக்கவில்லை. அவர் சொல்வதை யாரும் நம்புவதில்லை என்பது அவளுக்குத் தெரியும். அதே வாய் அம்மை என்று சொன்னபோது மட்டும் எப்படி நம்பினார்கள் என்பதுதான் அவளுக்குப் புரியவில்லை. நல்லதைச் சொன்னால் புளுகு, கெட்டதைச் சொன்னால் சேதி. ஊர் அப்படித்தான் பிரித்து வைத்திருந்தது.

"தண்ணி கெடக்கட்டும். பனிக்கு வாங்க" என்று ரங்கதுரை அண்டாவைத் தட்டினார். "நான் சர்வீஸ்ல இருந்தப்ப ஒரு தை மாசம். தேயிலையெல்லாம் கருகிப்போச்சு. காலையில எந்திரிச்சு நடக்கப் பாக்கறேன், கால் வருது, நிழல் வரல. நிழல் தரையோட உறைஞ்சு ஒட்டிக்கிச்சு. கடப்பாரையை வச்சு நெம்பி எடுத்தேன். இன்னைக்கும் பாருங்க, என் நிழல்ல இடது காதுல ஒரு சில்லு இருக்காது."

தூறலில் நிழல் விழாது என்பதால் யாராலும் பார்க்க முடியவில்லை.

"அன்னைக்கு செக்போஸ்ட் கேட்டு உறைஞ்சு போய் ஏற மாட்டேங்குது. அந்தப் பக்கம் கலெக்டர் ஜீப்பு ஆரனடிக்குது. இந்தச் செடி அப்ப கேட்டுக்கு அடியில நிக்குது, சுருண்ட குருத்தோட. நான் அது காதுல போய், 'ராசா, மானம் போகுதுடா' அப்படின்னேன். அவ்வளவுதான். சுருண்ட குருத்து மெல்ல மெல்ல விரியுது. விரிய விரியக் கேட்டு மேல போகுது. ஜீப்பு போச்சு. கலெக்டர் குருத்துக்கு சல்யூட் அடிச்சுட்டுப் போறார்."

"அப்புறம் கேட்டை இறக்கினது யாருண்ணே?"

"சாயங்காலம் அதுவே சுருண்டுக்கிச்சு. மூணு வருசம் அதுதான் டூட்டி பாத்துச்சு. நான் சும்மா நாற்காலியில உக்காந்திருந்தேன்."

"அந்தக் கடைசி வரியை மட்டும் நான் நம்புறேன்" என்றான் சுப்புராம். "ஆனா, பென்சன் இப்ப யாருக்கு வருது? உங்களுக்கா, செடிக்கா?"

கூடாரம் அதிர்ந்தது. ரங்கதுரைக்கு முகம் கொஞ்சம் சுருங்கியது. வாயைத் திறந்தவர் பின்வாங்கினால் கதை கெட்டுவிடும். பெரிதாக்கினால்தான் தப்பிக்க முடியும்.

"யானையைப் பத்திச் சொல்லலையே" என்றார்.

"சொல்லுங்க, பஜ்ஜி இன்னும் இருக்கு."

"ஒத்தைக் கொம்பன். மலையில அவனுக்குப் பயப்படாத ஆளில்ல, என்னைத் தவிர. வந்தான், செடியைப் பாத்தான், தும்பிக்கையைச் சுத்தி இழுத்தான். வரல. இந்தச் செடிக்கு வேர்னு ஒண்ணு இல்ல. மண்ணுக்கடியில படுத்த வாக்குல தண்டு ஓடும். ஓடி ஓடி மலையையே கட்டிப் பிடிச்சிருக்கு. அவன் இழுக்கிறான், இது விட மாட்டேங்குது. ராத்திரி பூரா இழுத்தான். விடிஞ்சு பாத்தா செடி அங்கேயே இருக்கு, மலை நாலடி நகந்து வந்திருக்கு! நேரா இருந்த ரோடு வளைஞ்சு போச்சு. நம்ம ஒன்பதாம் வளைவை யாரு போட்டதுன்னு நினைச்சீங்க?"

"ரோட்டுக்காரங்க போட்டதுன்னு நினைச்சேன்" என்றார் ஸ்டீபன்.

"அவங்க தார் ஊத்தினாங்க. வளைச்சது என் செடி."

"அப்ப இன்னைக்கு நடுவர் வந்து சேராததுக்கும் உங்க செடிதான் காரணம்னு எழுதிக்கட்டுமா? மினிட் புக்கு கையிலதான் இருக்கு."

"எழுதிக்கங்க. பேரைப் பெரிய எழுத்துல போடுங்க."

இப்படியே செடியின் வயதும் ஏறியது. காலையில் ஸ்டீபனின் விண்ணப்பப் படிவத்தில் பதினொரு வருடம் என்று எழுதியிருந்தார். பனிக்கதையில் முப்பது ஆனது. யானை வந்தபோது தாத்தா வைத்த செடியாயிற்று. பிறகு தாத்தாவையும் தாண்டியது.

"மனுசன் பொறக்கறதுக்கு முந்தி, பூவுன்னு ஒண்ணு ஒலகத்துல வர்றதுக்கு முந்தி, பெரணி இருந்துச்சு. அது புத்தகத்துலயே இருக்கு. புத்தகத்துல இல்லாததை நான் சொல்றேன், அப்ப இருந்தது இந்த ஒரு செடிதான். இந்தா பாருங்க இந்த இலை ஓரத்துல பல்லுப் பல்லா இருக்கா? பனைமரம் ஒசரப் பல்லி ஒண்ணு அந்தக் காலத்துல கடிச்சது. கடிச்ச பல்லிதான் செத்துப்போச்சு. இந்த மலையில எத்தனை பெரணி இருக்கோ, பாறை இடுக்கு, கிணத்துச் சுவரு, சர்ச்சுக் கூரை, எல்லாம் இதோட பிள்ளைங்க, பேரப்பிள்ளைங்க. ஏம்மா கனகமணி, உன் குக்கர்ல இருக்கே சீக்காளிச் செடி, அதுவும் இதோட கடைசிப் பேத்திதான். தாத்தா பேச்சைக் கேக்காம ஊர் சுத்தி அம்மை வாங்கிட்டு வந்திருக்கு!"

இந்தச் சிரிப்புதான் அன்றைய சிரிப்பிலேயே பெரியது. கனகமணி வாயில் ஊசி இல்லாதது முதல் முறையாக அவளுக்குத் தெரிந்தது.

"அண்ணே" என்றாள், பிசிறில்லாத குரலில். "தாத்தாவுக்கு அம்மை போட்டதே இல்லையா?"

"இதுக்கா? என் கையில வளர்றதுக்கா?"

"ஒரு புள்ளிகூட?"

"ஒரு கடுகளவு? ம்ஹூம். வெள்ளிக்கிழமைதோறும் தேங்காயெண்ணெய் தொட்டு, வேட்டித் துணியால இலை இலையா மேலயும் அடியிலயும் துடைப்பேன். எங்கயாவது பழுப்பா ஒரு பொட்டு தலை தூக்கட்டும், நகத்தால சுரண்டிப் போட்டுட்டுத்தான் மறுவேலை. பதினோரு வருசமா இந்தச் செடி புள்ளின்னா என்னன்னு பாத்ததில்ல. இங்க இருக்கற அத்தனை பேரும் சாட்சி!"

அவர் இலைகளை ஒவ்வொன்றாகப் புரட்டிக் காட்டினார். அடிப்பக்கம் மேல்பக்கத்தைவிடப் பளபளத்தது. முப்பது பேரும் பார்த்தார்கள். சுத்தம்.

"சரிங்கண்ணே" என்று கனகமணி உட்கார்ந்துகொண்டாள். சுவர் சொன்னதைப் பேராசிரியை மாற்றிச் சொல்லிவிட்டால் அவளும் இந்தக் கூடாரத்தில் ஒரு கதைதான். அலமாரியில் கோப்பை ஏறிவிடும். பிறகு வருடா வருடம் அவள் செடிக்கு வேப்பிலைதான்.

ஒரு மணிக்குப் பேராசிரியை அமலோற்பவம் வந்து சேர்ந்தார். ஒன்பதாம் வளைவிலிருந்து நடந்தே வந்திருந்தார். சேலை முழங்கால்வரை சேறு. டீயை வாங்கி நின்றபடியே குடித்தார். ஸ்டீபன் நீட்டிய போட்டி விதியை வாசித்தார்: "நன்கு முதிர்ந்த, பசுமை மாறாத பெரணி." தலையாட்டிவிட்டு, நேரே நடு மேசையைத் தாண்டி மூலைக்குப் போனார்.

"இந்த வேப்பிலை எதுக்கு?"

"அது... பூச்சி வராம இருக்க மேடம்" என்றார் ஸ்டீபன்.

"பூச்சி ஒண்ணும் இல்லையே." கொத்தை அவிழ்த்துக் கீழே போட்டார். இலையைப் புரட்டினார். கனகமணி எழுந்து நின்றுவிட்டாள். "அடேயப்பா. ரெண்டு வரிசையா எவ்வளவு சீரா வச்சிருக்கு! ஒவ்வொரு புள்ளியிலயும் ஆயிரக்கணக்கான வித்து இருக்கும். பூவும் விதையும் இல்லாத செடிக்கு இதுதாங்க எல்லாம். நல்லா விளைஞ்ச செடி. யாரு வளர்க்கறீங்க? இந்த ஒரு இலையில மட்டும் ஏன் பாதி துடைச்ச மாதிரி இருக்கு?"

"நான்தாங்க. காலையில... புத்தி கெட்டுப் போச்சு" என்றாள் கனகமணி.

"இனிமே தொடாதீங்க. பக்கத்துல ஈரச் சுவர் இருந்தா குட்டி முளைக்கும்."

"நாப்பது முளைச்சிருக்குங்க" என்றாள் கனகமணி.

அடுப்படியில் சுப்புராம் கடுகை அள்ளி எண்ணெயில் போட்டான். போன வருடத்துக்கும் சேர்த்துப் பொரிந்தது.

பேராசிரியை நடு மேசைக்கு வந்தார். பித்தளை அண்டாவைப் பார்த்தார். ஒரு இலையைப் புரட்டினார், இன்னொன்றைப் புரட்டினார், எட்டு இலையையும் புரட்டினார். விரலைத் தேய்த்து மோந்து பார்த்தார். தேங்காயெண்ணெய்.

"இது எத்தனை வருசச் செடி?"

கூட்டம் ரங்கதுரையைப் பார்த்தது. பனைமர உயரப் பல்லியின் காலம் அவர் தொண்டைவரை வந்து நின்றது. "கொஞ்சம் பழைய செடிங்க" என்றார்.

"ஒரு புள்ளிகூட இல்லையே. இது இன்னும் வயசுக்கே வரல." பேராசிரியை நோட்டில் எதையோ எழுதினார். "முதிர்ந்த செடிங்கிற பிரிவுல இதைச் சேர்க்க முடியாது. பள்ளிக்கூடப் பிள்ளைங்க பிரிவுன்னு பக்கத்துக் கூடாரம் இருக்குல்ல? அங்க வைங்க. சின்னச் செடின்னு பாத்தா நல்லாத்தான் இருக்கு."

ரங்கதுரை அண்டாவின் விளிம்பைப் பிடித்துக்கொண்டார். புள்ளி வந்தது, நான்தான் சுரண்டினேன் என்று சொல்லலாம். சொன்னால் அவர் செடிக்கும் அம்மை. போன வருடம் கட்டிய வேப்பிலை, வைத்த இளநீர், இறக்கிய எண்ணெய்ச் சட்டி எல்லாம் முப்பது பேருக்கு ஒரே நேரத்தில் ஞாபகம் வரும். புள்ளியே வந்ததில்லை என்றால் மலை முழுக்கப் பிள்ளையும் பேரனும் எங்கிருந்து வந்தார்கள்? சாட்சிகள் அத்தனை பேரும் பஜ்ஜியை மெல்லுவதை நிறுத்திவிட்டுக் காத்திருந்தார்கள்.

"ஏன்ணே, பிள்ளையே பெறாம பேத்தி எடுத்திருக்கே உங்க தாத்தா" என்றான் சுப்புராம். "அதுவும் வயசுக்கு வர்றதுக்கு முந்தி!"

ஸ்டீபன் கோப்பையைத் துடைத்துக் கனகமணியின் கையில் கொடுத்தார். கொடுத்த கையோடு, போன வருடத்துக்காகக் கூட்டம் கேட்காத குரலில் ஏதோ சொன்னார். அவள் தலையை மட்டும் அசைத்தாள். இரண்டு பேர் பித்தளை அண்டாவைத் தூக்கிக்கொண்டு பக்கத்துக் கூடாரத்துக்குக் கிளம்பினார்கள். அங்கே தயிர் டப்பாவில் வைத்த செம்பருத்திக் குச்சிக்கும், ஹார்லிக்ஸ் பாட்டிலில் நட்ட கொத்தமல்லிக்கும் நடுவில் அதற்கு இடம் ஒதுக்கியிருந்தார்கள்.

அண்டா கூடார வாசலைத் தாண்டும்போது ரங்கதுரைக்கு மூச்சு திரும்பியது. பழைய குரலும் கூடவே வந்தது.

"விவரம் தெரியாமச் சிரிக்காதீங்கப்பா. அந்த அம்மா படிச்சதுல இந்த வகை இல்ல. இது சாதாப் பெரணி கிடையாது. நாள் ஆக ஆக இதுக்கு வயசு குறையும். போன வருசம் முன்னூறு வயசு. இந்த வருசம்தான் குழந்தையா திரும்பியிருக்கு."

கனகமணி கோப்பையைக் குக்கருக்குள் இலைகளுக்கு நடுவே இறக்கி வைத்துக்கொண்டே சொன்னாள்:

"அப்படியாண்ணே? அப்ப அடுத்த வருசம் அது முளைச்சே இருக்காது. அண்டாவை மட்டும் கொண்டு வாங்க."